எங்கள் கோல் கீப்பரை நீக்கிய கடிதம்

எங்கள் உதைபந்தாட்டக் கழகம் ரொறன்ரோ லீக் ஒன்றின் நாலாம் பிரிவில் விளையாடியது. ஐந்தாம் பிரிவு என்று ஒன்று அந்த லீக்கில் இருக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஸ்காபரோவில், லோறன்ஸ் வீதிக்குப் பக்கத்திலிருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் பின்வளவுதான் மைதானம். உடைமாற்ற அறை கிடையாது. கார் டிக்கிகளைத் திறந்துவைத்து அவற்றின் மறைவில் மாற்றிக்கொள்வார்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன் இரண்டு பேர் பனி வழிக்கும் சவலைக் கொண்டுவந்து புல்லில் கிடக்கும் வாத்து எச்சத்தை வழித்து எறிவார்கள். விளையாடியவர்களில் பாதிப் பேர் உணவகங்களில் கோப்பை கழுவியவர்கள். மீதிப் பேர் தொழிற்சாலை, கார் தரிப்பிடம், செக்யூரிட்டி வேலை. அகதி விசாரணை முடியாதவர்களும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லோரும் காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டு நிமிர்ந்து நடப்பார்கள்.

பார்க்க வந்த சனத்துக்குக் குறைவில்லை. குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, ரோல்ஸும் தேநீரும் எடுத்துக்கொண்டு, கோட்டோரம் முழுக்க நிற்பார்கள். எங்களோடு விளையாட வந்த இத்தாலியர்களும் போர்த்துக்கேயர்களும் நாலாம் பிரிவுக்கு இவ்வளவு கூட்டமா என்று ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள். எங்களுக்கு வேறு எங்கே போக? திங்கட்கிழமை காலை தமிழ் வீடியோக் கடையின் கண்ணாடியில் கையால் எழுதிய முடிவு ஒட்டப்பட்டிருக்கும். தோற்றிருந்தால் பஸ்ஸில் வரும் தெரியாத அன்ரிகூட, "என்ன பிள்ளை, உங்கட ஆக்கள் நேற்றும் கோட்டை விட்டிட்டினமாம்" என்று கேட்பார்.

கழகத்தில் எனக்குப் பதவி எதுவும் இல்லை. ஆனால் நான் ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவள். லீக்கிலிருந்து கடிதம் வந்தால் என் வீட்டுக்குத்தான் கொண்டுவருவார்கள். பதிவுப் படிவங்கள், மைதான அனுமதி, சிவப்பு அட்டைக்கு மேன்முறையீடு எல்லாவற்றையும் நான் எழுதுவேன். செயலாளர் என்று ஒருவர் இருந்தார். அவர் கையொப்பம் வைப்பார். விளையாட்டு முடிந்ததும் பதினாறு சேட்டுகளையும் பையில் கட்டி என் கணவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். அவர்தான் அணித்தலைவர், நடுவில் விளையாடுபவர். எங்கள் அடுக்குமாடியின் நிலக்கீழ் லோன்றி அறையில் அவற்றை நான் தோய்ப்பேன். மெஷினில் சேறு ஒட்டியிருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பெண் ஒவ்வொரு கிழமையும் என்னோடுதான் சண்டை பிடிப்பாள். கூட்டங்களில் வாக்களிக்கப் பெண்களுக்கு உரிமை இல்லை. அது அப்போது எனக்கு உறைக்கவும் இல்லை. அதை நினைத்தால் இப்போது எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

எங்கள் கோல் கீப்பராக ஆனவன் முதலில் மூன்று ஞாயிறு கோலுக்குப் பின்னால் தனியாக நின்று ஆட்டம் பார்த்தான். இருபத்தொரு வயதிருக்கும். நெடுவல். நாலாவது ஞாயிறு, தோடம்பழம் வெட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்தான்.

"அக்கா, இஞ்சை விளையாடுறதெண்டால் ஆரிட்டைக் கேக்கோணும்?"

"எந்த இடத்திலை விளையாடுவீர்?"

"கோல். உங்கட கீப்பர் பந்து வரமுதலே விழுந்துபோறார்" என்றான். சிரித்துவிட்டேன். அந்த மனிதர் இரவு வேலை முடித்து நேரே மைதானத்துக்கு வருபவர். பாவம், நின்றபடியே நித்திரை கொள்வார்.

ஊர் எது என்று கேட்டேன். "யாழ்ப்பாணம் ரவுண்தான்" என்றான். பதிவுப் படிவத்தை எடுத்துப் பெயரைக் கேட்டேன். சொன்னான். எழுதத் தொடங்கிய என் பேனை ஒரு கணம் நின்றது. அவன் அதைக் கவனித்துவிட்டான்.

"ஓம் அக்கா, நாங்கள் முஸ்லிம் ஆக்கள். பிரச்சினை இல்லைத்தானே?"

"உதிலை என்ன பிரச்சினை" என்று சொல்லிவிட்டு எழுதினேன்.

அவன் ஒரு கார் திருத்தும் கடையில் வேலை செய்தான். வோபர்னில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் தமையனோடு இருந்தான். தாயும் தகப்பனும் புத்தளத்தில், ஓலைக் கொட்டிலில். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கம் துவக்கு முனையில் வெளியேற்றியபோது அவனுக்கு வயது பதினெட்டு. ஒருநாள், மழைக்காக ஆட்டம் தள்ளிப்போன ஒரு ஞாயிறு, எங்கள் காருக்குள் இருந்து ரோல்ஸ் தின்றபடி அதைச் சொன்னான். இரண்டு மணித்தியாலம் தந்தார்களாம். தகப்பனின் இரும்புக்கடைச் சாவியைத் தெருவில் வைத்து வாங்கினார்களாம். தாயின் காதுத் தோட்டைக் கழற்றச் சொன்னார்களாம். பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பம் யன்னலைச் சாத்திக்கொண்டதாம்.

"அவையும் பயத்திலைதான் அக்கா சாத்தியிருப்பினம்" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எங்களுக்கும் எவ்வளவு கஷ்டம் தம்பி" என்றேன். அவனுடைய கதைக்கு என் வாயிலிருந்து வந்த பதில் அது. அவன் தலையாட்டிவிட்டு அடுத்த ரோல்ஸை எடுத்தான்.

அவன் வந்த இரண்டாவது பருவத்தில் நாங்கள் மேலே ஏறும் நிலைக்கு வந்தோம். கடைசி ஆட்டம் ஓர் இத்தாலியக் கழகத்தோடு. சமநிலை போதும், மூன்றாம் பிரிவுக்குப் போய்விடலாம். புரட்டாதிக் குளிர், விடாத தூறல். குடைகளோடு கோட்டோரம் முழுக்க எங்கள் சனம். இடைவேளைக்குப் பிறகு எதிரணிக்காரன் ஒருவனின் பூட்ஸ் எங்கள் கோல் கீப்பரின் கைவிரலில் ஏறியது. சின்னவிரல் பக்கவாட்டில் திரும்பி நின்றது. நான் ஓடிப்போய் ஐஸ்பழக் குச்சி ஒன்றை வைத்துப் பிளாஸ்டரால் சுற்றினேன்.

"ஏலுமோ தம்பி?"

"வெளியிலை எடுத்தால் ஆர் நிக்கிறது அக்கா? உந்த நித்திரை அண்ணையோ?"

ஆட்டம் சமநிலையில், முடியப் பத்து நிமிடம் இருக்கையில் அவர்களுக்குப் பெனால்டி கொடுத்தார் நடுவர். அவன் இடப்பக்கம் பாய்ந்து, அந்த உடைந்த விரல் இருந்த கையாலேயே பந்தைத் தட்டிவிட்டான். பிறகு நடந்தது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. குடைகள் காற்றில் பறந்தன. சேற்றோடு அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். கழகத் தலைவர், எங்களில் முதன்முதலில் ரூஜ் பக்கம் புதுவீடு வாங்கியவர், அவன் நெற்றியில் கொஞ்சினார். "எங்கட பெடியன்! இவன் எங்கட பெடியன்!" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினார். அந்தச் சொற்களை நான் என் காதால் கேட்டேன். எழுதிவைத்துச் சத்தியம் செய்வேன்.

மாசி மாதம் தலைவரின் வீட்டு நிலக்கீழ் அறையில் கூட்டம். வெளியே முழங்காலளவு பனி. பெண்கள் மேலே சமையலறையில் இருந்தோம். கூட்டக் குறிப்பு எழுதவேண்டும் என்று என்னை மட்டும் கீழே கூப்பிட்டார்கள். கோல் கீப்பருக்குக் கூட்டம் என்று சொல்லவே இல்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

வெற்றி விழா, விருந்து, அச்சடிக்கும் விழா மலர் என்று பேச்சுத் தொடங்கியது. பிறகு தலைவர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு விசயம். சனம் கதைக்குது. தமிழ் ஆக்களின்ர கழகம் எண்டு பேர் வைச்சிட்டு, மலரின்ர அட்டையிலை ஒரு சோனகப் பெடியன்ர படத்தைப் போடுறதோ எண்டு கேக்கினம்."

"ஆர் கேக்கினம்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு விளையாட்டுக்காரன் கேட்டான்.

"சனம்."

"எந்தச் சனம் அண்ணை? பேரைச் சொல்லுங்கோ."

அவர் பெயர் சொல்லவில்லை. சொல்ல ஒரு பெயரும் இருக்கவில்லை. அதுதான் என்னை இன்றைக்கும் எரிக்கிறது. ஒருவரும் வந்து மிரட்டவில்லை. ஒருவரும் கட்டளை போடவில்லை. துவக்கு இல்லாத நாட்டில், சூடேற்றிய அறையில், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, தாங்களாகவே செய்தார்கள்.

இன்னொருவர், "அவன் நல்ல பெடியன்தான். ஆனால் நாளைக்கு லண்டனிலை தமிழ்க் கழகங்களின்ர போட்டிக்குப் போனால் கேள்வி வரும்" என்றார். மற்றொருவர், தன் மச்சான் ஒருவன் மொன்றியலிலிருந்து வருகிறான், அவனும் கோல் கீப்பர்தான் என்றார். சும்மா ஒரு தகவல் போல. எல்லோருக்கும் விளங்கியது.

நான் என் கணவரைப் பார்த்தேன். அணித்தலைவர். அந்தப் பெனால்டிக்குப் பிறகு அவனைக் கட்டிப்பிடித்து அழுதவர். அவர் தன் பெருவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை உயர்த்தச் சொன்னார்கள். நாலு விளையாட்டுக்காரர்கள் உயர்த்தவில்லை. என் கணவரின் கை கடைசியாக, காதளவுக்கு எழும்பியது.

தலைவர் என்னிடம் திரும்பினார். "தங்கச்சி, லீக்குக்கு ஒரு கடிதம் எழுதிவிடும். அவரைப் பதிவிலையிருந்து எடுக்கச் சொல்லி. காரணம், பேர்சனல் ரீசன்ஸ் எண்டு போட்டுவிட்டால் சரி."

"அண்ணை, அவருக்கு என்ன பேர்சனல் ரீசன்?"

"உதொண்டும் பெரிசில்லை. வழமையா எழுதிறதுதானே."

வீட்டுக்கு வரும் வழியில் காரில் சத்தம் போட்டேன். "நீங்கள் ஏன் கையை உயர்த்தினீங்கள்? வாய் இல்லையோ உங்களுக்கு?"

"நான் உயர்த்தாட்டிலும் அதுதான் நடந்திருக்கும். பிறகு என்னையும் ஒதுக்குவாங்கள். எங்களுக்கு இஞ்சை வேற ஆர் இருக்கினம், சொல்லும் பாப்பம்?"

"அவனுக்கு ஆர் இருக்கினம்?"

வைப்பர் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தது.

இவ்வளவும் கத்திய நான், பிறகு அந்தக் கடிதத்தை எழுதினேன். இதை மறைத்துவிட்டு மற்றவர்களைத் திட்டிக்கொண்டு போக எனக்கு முடியாது. இரண்டு நாள் எழுதாமல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் செயலாளர் ரெலிபோன் எடுத்தார், கணவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தார், மகளுக்குக் காய்ச்சல், எனக்குக் களைப்பு. உட்கார்ந்தேன், எழுதினேன். ஐந்து வரி. நல்ல, பிழையில்லாத ஆங்கிலம். சொந்தக் காரணங்களால் இந்த விளையாட்டு வீரர் தொடர்ந்து விளையாட இயலாதுள்ளார். என் கையாலேயே பஸ் தரிப்புக்குப் பக்கத்துத் தபால் பெட்டியில் போட்டேன்.

லீக் ஒரு பிரதியை அவனுக்கும் அனுப்பும் என்று நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

பங்குனிச் சனிக்கிழமை ஒன்றின் மத்தியானம் கதவு தட்டுப்பட்டது. வேலை உடுப்போடு நின்றான், கைகளில் கிறீஸ். காகிதத்தில் கறை படாமல் நுனியில் பிடித்திருந்தான்.

"அக்கா, செயலாளர் இப்படி இங்கிலிஸ் எழுத மாட்டார். இது நீங்கள் எழுதினது."

"ஓம்" என்றேன்.

"எனக்கு என்ன பேர்சனல் ரீசன்? வாசிச்சுப் பாத்தன், அதிலை எழுதேல்லை. எனக்குத் தெரியவேண்டாமோ?"

உள்ளேயிருந்து கணவர் வந்தார். "தம்பி, உள்ளுக்கை வாரும். இருந்து தேத்தண்ணி குடியும், கதைப்பம்."

"வேண்டாம் அண்ணை. வாக்கெடுத்ததெண்டு பெடியள் சொன்னவை. உங்கட கை உயர்ந்ததோ இல்லையோ, அதை மட்டும் சொல்லுங்கோ."

கணவர் நிலத்தைப் பார்த்தார். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் முன்பு அவன் முகத்தில் கண்டதில்லை.

"அங்கை ரெண்டு மணித்தியாலம் தந்தவை. இஞ்சை தபாலிலை அறிவிச்சிருக்கினம். கனடாவெல்லோ" என்றான்.

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியால் இறங்கிப் போனான். எட்டு மாடி. அவன் காலடிச் சத்தம் அடங்கும்வரை நான் வாசலிலேயே நின்றேன்.

அன்றைக்கே சேட்டுப் பையை எடுத்துத் தலைவரின் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு பஸ் மாறிப் போனேன். கதவைத் திறந்த அவர் மனைவியிடம், "இனி இதுகளை நீங்கள் தோயுங்கோ. கடிதங்களையும் வேற ஆரையும் கொண்டு எழுதுவியுங்கோ" என்றேன். அவர் பாவம், திகைத்துப்போய் நின்றார். என் கோபம் அவரிடம் போய் விழுந்திருக்கக் கூடாது. கோபம் அப்படித்தான் வந்தது. தலைவர் மேல்மாடியில் இருந்தார், இறங்கி வரவில்லை.

கை உயர்த்தாத அந்த நாலு பேரும் கழகத்தை விட்டுப் போனார்கள். மற்றவர்கள் விளையாடினார்கள். என் கணவரும் விளையாடினார். விருந்து நடந்தது, மலர் வந்தது. அட்டையில் இருந்த படம் அந்தப் பெனால்டி நாளில் எடுத்ததுதான். தோள்கள் தெரிந்தன, உயர்ந்த கைகள் தெரிந்தன. தோளின்மேல் இருந்தவன் இடுப்போடு வெட்டப்பட்டிருந்தான். யாரையோ தூக்கிக்கொண்டு ஏன் இவ்வளவு பேர் சிரிக்கிறார்கள் என்று பார்ப்பவர்களுக்கு விளங்காது.

அவன் இன்னொரு கழகத்தில் சேர்ந்தான். சோமாலியர்கள், கயானாக்காரர்கள், திரினிடாட்காரர்கள், ஒரு கிழட்டு ஸ்கொட்லாந்துப் பயிற்சியாளர். அவர்களும் மூன்றாம் பிரிவு. ஆடி மாதம் எங்கள் மைதானத்துக்கே விளையாட வந்தார்கள்.

நான் அந்தப் பருவம் முழுவதும் மைதானத்துக்குப் போகவில்லை. அன்று போனேன். கணவரோடு காரில் போகாமல் பஸ்ஸில் போனேன். எங்கள் சனம் நிற்கும் பக்கம் போகாமல் நேரே அவன் நின்ற கோலுக்குப் பின்னால் போய் நின்றேன். அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு பந்துப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இடைவேளைக்கு முன் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அவனுடைய இனத்தைச் சொல்லி, கூடவே ஒரு கெட்ட வார்த்தை. சில பேர் சிரித்தார்கள். போன வருடம் குடையைக் காற்றில் எறிந்த அதே ஆட்கள். ஒருவரும் "வாயை மூடு" என்று சொல்லவில்லை. நான் கோட்டைக் கடந்து அவர்களுக்கு முன்னால் போனேன்.

"ஆர் சொன்னது? முன்னுக்கு வா! உன்ர முகத்தைக் காட்டிப்போட்டுச் சொல்லு!"

"அக்கா, உது விளையாட்டுப் பகிடி" என்றான் ஒருவன்.

"வேலைத்தலத்திலை வெள்ளைக்காரன் உன்னைப் 'பாக்கி' எண்டு இழிவாக் கூப்பிட்டால் அதுவும் பகிடியோ? அப்ப ஏன் வீட்டை வந்து அழுகிறாய்?"

நடுவர் விசிலை ஊதி என்னை மைதானத்திலிருந்து வெளியே போகச் சொன்னார். என் கணவர் நடுவட்டத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். நான் வெளியே போகவில்லை. திரும்பவும் கோலுக்குப் பின்னாலேயே போய் நின்றேன். மூன்றுக்குப் பூச்சியம் என்று எங்கள் கழகம் தோற்றது. மொன்றியல் மச்சான் மூன்றையும் விட்டான். எனக்கு அதில் சந்தோசம் வந்தது என்பதை ஒளிப்பானேன்.

ஆட்டம் முடிந்து அவன் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கிட்டப் போனேன். "தம்பி, நான் செய்தது பிழை. என்னை மன்னிக்கோணும்" என்றேன். நாலு மாதம் பிந்தித்தான் அதைச் சொன்னேன்.

அவன் கையுறை இரண்டையும் தட்டிப் புழுதியை உதிர்த்தான். கோபமாகவும் இல்லை, இளகவும் இல்லை.

"அக்கா, நீங்கள் எனக்குச் சொல்லி என்ன? எனக்கு நடந்தது எனக்குத் தெரியும். உங்கட ஆக்களுக்குச் சொல்லுங்கோ. அவைக்குத்தான் தெரியாத மாதிரி இருக்குது."

சொல்லிவிட்டுத் தன் ஆட்களிடம் போனான். அவர்கள் அவனுக்குத் தண்ணீர்ப் போத்தலை எறிந்தார்கள். ஒரு கையால் பிடித்தான்.

எங்கள் கழகம் அந்த வருடமே மீண்டும் நாலாம் பிரிவுக்கு இறங்கியது. இன்னும் இரண்டு வருடம் இழுபட்டது. பாதிச் சனம் மலிவு வீடு தேடி அஜக்ஸ் பக்கம் போய்விட்டது. ஆட்கள் போதாமல் கழகம் நின்றுபோனது. மனச்சாட்சியால் நின்றது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தொண்ணூற்றெட்டில் பழைய விளையாட்டுக்காரர்கள் ஒரு கோடைகால ஒன்றுகூடல் வைத்தார்கள், பூங்கா ஒன்றில், இறைச்சி வாட்டி, பிள்ளைகளுக்குச் சாக்கோட்டம் வைத்து. தலைவர் ஒலிவாங்கி பிடித்து, "சாதி, சமயம், ஊர் எண்டு பாராமல் எல்லாரையும் சேர்த்த கழகம் இது" என்று பேசினார். ஆட்கள் கை தட்டினார்கள். நான் எழும்பி முன்னால் போனேன். ஒலிவாங்கியைக் கேட்டேன். பாடப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, தந்துவிட்டார்.

கூட்டம் நடந்த நாள், பேசியவர்கள், கை உயர்த்தியவர்கள், நான் எழுதிய ஐந்து வரி. எல்லாவற்றையும் சொன்னேன். என் கணவரின் கையையும் விடவில்லை. வெட்டப்பட்ட படத்தையும் சொன்னேன். "தங்கச்சி, இது உதுக்கான இடமில்லை" என்றார் தலைவர். "அப்ப எது இடம், சொல்லுங்கோ, அங்கை வாறன்" என்றேன். ஒருவர் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினார். வயர் இல்லாமலும் என் குரல் கேட்கும், வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்குப் படிப்பித்த குரல் அது. முடிக்கும்வரை பேசினேன்.

ஒருவரும் கை தட்டவில்லை. ஒரு சிலர் தட்டைத் தூக்கிக்கொண்டு தூரப் போய் இருந்தார்கள். அதன்பிறகு எத்தனையோ வீட்டு விசேசங்களுக்கு எங்களுக்கு அழைப்பு வரவில்லை. கணவர் அன்று காரை ஓட்டவில்லை, சாவியை என்னிடம் தந்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் இருந்தார். முன்பு அவன் இருந்த வோபர்ன் தாண்டும்போது மெல்லச் சொன்னார்.

"நீர் சொன்னதிலை ஒண்டும் பொய்யில்லை."

"அதை நீங்கள் அங்கை எழும்பிச் சொல்லியிருக்கோணும்" என்றேன்.